பால் கவர் கலந்த தார்ச்சாலை: 160 மீட்டரும் இரண்டு மழைக்காலமும்

மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்கு அருகே என் தாய்மாமா நடத்தும் அரிசி ஆலையின் பாதையில் 2023 மார்ச் மாதம் பிளாஸ்டிக் கலந்த தார்த்தளம் போட்டோம். அதன்மீது இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் பெய்து ஓய்ந்துவிட்டன. கடந்த தை மாதம் ஒரு முழு நாளை ஒதுக்கி, 160 மீட்டர் நீளத்தையும் குனிந்து பார்த்து, பழுதான இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, அளந்து முடித்தேன். ஒரே கிரஷரின் ஜல்லி, ஒரே ரோலர், ஒரே ஆட்கள். ஆனால் முதல் 40 மீட்டர் ஒட்டுப்போட்ட சட்டையைப் போல் இருக்கிறது. அடுத்த 30 மீட்டரில் தார்த்தளம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கடைசி 90 மீட்டரில் ஒரு குழிகூட இல்லை. இந்த மூன்று நிலைகளும் எப்படி வந்தன என்பதை, என் தவறுகள் உட்பட, நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்துக் கட்டட வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவன். சாலைப் பணியில் எனக்கு முன்னனுபவம் இல்லை. ஆலையின் பாதை 3.75 மீட்டர் அகலம். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய கனரக லாரிகள் நாள்தோறும் வந்து போகும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தார் போடுவதும், அடுத்த ஐப்பசி அடைமழையில் ஜல்லி பெயர்ந்து கிடப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருப்பரங்குன்றத்தில், தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பூசி, பிறகு தார் கலக்கும் முறையை உருவாக்கினார். 2002-லேயே சென்னை ஜம்புலிங்கம் தெருவில் இத்தகைய சாலை போடப்பட்டது. கல்லூரிக்கு 2006-இல் காப்புரிமை கிடைத்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-இல் இதற்கென்று தனி வழிகாட்டி நெறிமுறையே வெளியிட்டது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதே பழைய தாரை அதே பழைய முறையில் மீண்டும் கொட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. மாமாவிடம் கேட்டேன். "மாப்பிள்ளை, செலவு கூடாம இருந்தா செய்யுங்க" என்றார். செலவு கூடாது என்று நான் அன்று கொடுத்த வாக்கு எந்த அளவுக்குப் பலித்தது என்பதைக் கடைசியில் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருந்தாலும், பால் கவருக்கு விலக்கு உண்டு. எனவே ஒரே தரத்தில், ஒரே தடிமனில், நம்பிக்கையாகக் கிடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பால் கவர்தான். அது தாழ் அடர்த்திப் பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய 110 டிகிரியிலிருந்து 125 டிகிரிக்குள் உருகிவிடும். பழைய பொருள் கடையில் கிலோ 18 ரூபாய்க்கு 80 கிலோ வாங்கினேன். மூட்டையைப் பிரித்தபோது பால் கவரோடு பிஸ்கட் உறை, உரச்சாக்கின் உட்பை, மேசை விரிப்புத் துண்டு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் கலந்து கிடந்தன. பிரித்துக் கழுவ இரண்டு பெண்களை இரண்டு நாள் வேலைக்கு அமர்த்தினேன். குப்பை பிரிப்பதில் பல ஆண்டு அனுபவம் உள்ள அவர்கள், கையில் கசக்கிப் பார்த்தே வகை பிரித்தார்கள்: சரசரவென்று ஒலிப்பது ஒரு குவியல், ஓசையின்றி மடங்குவது இன்னொரு குவியல். நான் அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுச் சரிபார்த்தேன். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி.யும் பாட்டில் பிளாஸ்டிக்கும் மூழ்கும். அவர்கள் பிரித்த குவியலில் தவறு மிகச் சிலவே இருந்தன.

பி.வி.சி. ஒரு துண்டுகூடச் சேரக்கூடாது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். சந்தேகமான துண்டுகளைத் திறந்த வெளியில் செப்புக் கம்பியால் சோதித்தேன். கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, துண்டின்மேல் வைத்துச் சற்று உருக்கி, மீண்டும் சுடரில் காட்டினால், பி.வி.சி.யாக இருந்தால் சுடர் பச்சையாக எரியும். மேசை விரிப்புத் துண்டுகள் அனைத்தும் பச்சைச் சுடரைக் காட்டின, அவற்றை ஒதுக்கினேன். பாட்டில் பிளாஸ்டிக்கில் நஞ்சு வாயு கவலை இல்லை என்றாலும், அது உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டுக்குப் போனால் தார் கருகிவிடும். அதனால் அதையும் விலக்கினேன்.

கழுவிய பிளாஸ்டிக்கை ஆலையின் நெற்களத்தில் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினோம். பிறகு மதுரையில் ஒரு சிறு பட்டறையில் கிலோவுக்கு 10 ரூபாய் கொடுத்துத் துண்டாக்கினேன். நான் வைத்துக்கொண்ட அளவு 2.36 முதல் 4.75 மில்லிமீட்டர் வரை. பட்டறையின் சல்லடை சற்றுப் பெரியது என்பதால், நான் ஒரு 4.75 மி.மீ. சல்லடையைக் கையோடு கொண்டுபோய், மேலே தங்கியதை இரண்டாவது முறையும் அறுக்கச் சொன்னேன். வாங்கிய 80 கிலோவில், அழுக்கும் ஆகாத வகைகளும் போக, கைக்கு வந்தது 61 கிலோ.

இங்கே முதல் தவறு. ஜல்லியில் பூசுவதைவிடத் தாரிலேயே பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்துவிட்டால், களத்தில் கலவை எந்திரத்தருகே குழப்பம் இருக்காது என்று நினைத்தேன். தொழிற்சாலைகளில் பாலிமர் கலந்த தார் தயாராகிறது என்பது எனக்குத் தெரியும். அது எப்படித் தயாராகிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை. ஒரு பாரலில் 156 கிலோ தார் இருக்கும். அதிலிருந்து 40 கிலோவை வெட்டிய டின்னில் காய்ச்சி, 170 டிகிரியில் 3.2 கிலோ பிளாஸ்டிக்கைச் சிறிது சிறிதாகத் தூவி, இரண்டு மணி நேரம் மூங்கில் கழியால் கிண்டினோம். கிண்டிக்கொண்டிருந்தவரை கலந்ததுபோல் தெரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், மேலே விரல் தடிமனுக்கு ரப்பர்போன்ற ஏடு, கீழே சாதாரணத் தார். பாலிஎத்திலீன் தாரைவிட இலேசானது. கிண்டுவதை நிறுத்தியதும் பிரிந்து மேலே வந்துவிடுகிறது. தொழிற்சாலையில் மிக வேகமாகச் சுழன்று அரைக்கும் எந்திரத்தின் வழியே செலுத்தி, பெரும்பாலும் வேறு வகை ரப்பர்ப் பாலிமரைச் சேர்த்து, பிரியாமல் பிணைப்பதற்கான வேதிப்பொருளும் இட்டுத்தான் அந்தத் தாரை உருவாக்குகிறார்கள். மூங்கில் கழியால் அது ஆகாது. நட்டம்: தார் மட்டும் 2,320 ரூபாய், மூன்று கிலோ பிளாஸ்டிக், ஒரு நாள் கூலி.

அதன்பிறகுதான் ஜல்லிப் பூச்சு முறைக்குத் திரும்பினேன். இம்முறை களத்துக்கு முன்பு வீட்டிலேயே சோதித்தேன். தார் உரிதல் சோதனை என்று ஒன்று உண்டு: 20 மி.மீ. சல்லடையில் இறங்கி 12.5 மி.மீ. சல்லடையில் தங்கும் ஜல்லி 200 கிராம், அதில் 5 சதவீதம் தார், கலந்து ஆறவிட்டு, 40 டிகிரி நீரில் 24 மணி நேரம் மூழ்கவைத்து, எவ்வளவு பரப்பு உரிந்தது என்று பார்ப்பது. 40 டிகிரியை ஒரு நாள் முழுவதும் நிலையாக வைக்க என்ன செய்வது என்று யோசித்து, பக்கத்துத் தோட்டத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியை இரவல் வாங்கினேன். அதன் வெப்பக் கட்டுப்பாடு நன்றாக வேலை செய்தது. இரண்டு கண்ணாடிக் குவளைகள்: ஒன்றில் வெறும் தார் பூசிய ஜல்லி, மற்றொன்றில் முதலில் 0.8 கிராம் பிளாஸ்டிக் பூசிப் பிறகு தார் பூசிய ஜல்லி. மறுநாள் முதல் குவளையில், என் கண்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு பரப்பு உரிந்து, கல்லின் சாம்பல் நிறம் தெரிந்தது. இரண்டாவது குவளையில் உரிந்த இடமே தென்படவில்லை. எங்கள் பக்கத்துக் கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரின்மேல் நாட்டம் அதிகம். கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்தால் தார் கழன்றுவிடும். இடையில் உருகிப் படிந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் கல்லையும் பற்றிக்கொள்கிறது, தாரையும் பற்றிக்கொள்கிறது. அந்த இரண்டு குவளைகளையும் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அதன்பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை.

அடித்தளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய தளத்தைப் பெயர்த்து, 75 மி.மீ. கனத்துக்கு வெட்மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக்கலவை) இட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் 2.5 சதவீதம் சரிவு கொடுத்து ரோலர் ஓட்டினோம். அதன்மேல் அடித்தளத்தில் ஊறி இறங்கும் பிரைம் கோட், ஒரு நாள் கழித்து மேல் தளத்தை ஒட்டவைக்கும் டேக் கோட்; இரண்டுமே மெல்லிய தார்ப்பூச்சுகள். மேல் தளமாக, ஊராட்சிச் சாலைகளில் வழக்கமாகப் போடும் 20 மி.மீ. கனமுள்ள, கற்களுக்கிடையே இடைவெளி விடும் திறந்த வகைத் தார்க்கலவையும், அந்த இடைவெளிகளை அடைக்க அதன்மேல் மணல் கலந்த சீல் கோட்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு 10 சதுர மீட்டருக்கு 0.27 கன மீட்டர் ஜல்லியும் 14.6 கிலோ தாரும் கணக்கு. சீல் கோட்டுக்கு இன்னும் 6.8 கிலோ தார். எங்கள் பரப்பு 600 சதுர மீட்டர்.

வாடகைக்கு எடுத்த சிறிய கலவை எந்திரம், கீழே டீசல் பர்னர் எரியும் சுழல் உருளை வகை. ஒரு முறைக்கு 200 கிலோ ஜல்லி கொள்ளும். ஆக மொத்தம் 120 கலவைகள். ஒரு கலவைக்குத் தார் 7.2 கிலோ. அதில் 8 சதவீதம் பிளாஸ்டிக் என்றால் 575 கிராம். களத்தில் தராசைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, முந்தைய இரவே 90 காகிதப் பைகளில் 575 கிராம் வீதம் நிறுத்துக் கட்டி, பெட்டியில் அடுக்கினேன். இந்த வேலைகள் அனைத்திலும் நான் மாற்றாமல் வைத்துக்கொள்ள விரும்புவது இந்த ஒரு ஏற்பாடு. ஒரு கலவைக்கு ஒரு பை என்பதால் அளவில் தவறு நேரவே இல்லை.

பிரதான சாலையிலிருந்து முதல் 40 மீட்டர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பிளாஸ்டிக் இல்லாத வழக்கமான கலவை. 30 கலவைகள், முதல் நாள் பகலுக்குள் முடிந்தன. அன்றிரவு எதிர்பாராமல் கோடை மழை பெய்தது. ஜல்லிக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டிருந்தோம். ஆனால் அடியில் ஓடிய தண்ணீரைத் தடுக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில்தான் எல்லாம் பிசகியது. வெப்பம் பார்க்க என்னிடம் இருந்தது துப்பாக்கி வடிவிலான அகச்சிவப்பு வெப்பமானி. அதைக் கலவை உருளையின் வாயில் காட்டினால் 170 டிகிரி என்று காட்டியது. நான் பார்த்தது பர்னர் சூட்டில் காய்ந்த இரும்பு உருளையின் சுவரை. உள்ளே ஈர ஜல்லி தன் ஈரத்தை ஆவியாக்கவே சூட்டையெல்லாம் செலவழித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி சொல்லும் ஜல்லி வெப்பம் 140 முதல் 175 டிகிரி வரை. பிறகு தண்டு வெப்பமானியைக் குவியலுக்குள் குத்திப் பார்த்தபோது வந்த அளவு 115 டிகிரி. பால் கவர் அந்தச் சூட்டில் இளகும், ஆனால் கல்லில் பரவாது. இது போதாதென்று, எந்திரத்தில் நின்றவர் தன் வழக்கப்படி முதலில் தாரை ஊற்றிவிட்டுப் பிறகு பையைக் கொட்டினார். பல ஆண்டுகளாக அந்த வரிசையில் வேலை செய்த கை அது. ஏன் வரிசையை மாற்ற வேண்டும் என்பதை நான் அவருக்குச் சரியாக விளக்கவில்லை, ஒரு முறை வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். தவறு என்னுடையதுதான். கலவையில் புளியங்கொட்டை அளவுக்கு வெளிறிய கட்டிகள் தெரிந்தன. ரோலர் ஓடினால் நசுங்கிப் பரவிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு, தாரை மிச்சப்படுத்தும் ஆசையில் கலவைக்கு 7.2 கிலோவுக்குப் பதிலாக 6.5 கிலோதான் ஊற்றச் சொல்லியிருந்தேன். இப்படி 22 கலவைகள், 30 மீட்டர் நீளம்.

மதிய உணவுக்கு நிறுத்தியபோது மேஸ்திரிதான் என்னைத் தடுத்தார். ஆறிய ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து, கட்டைவிரலால் தள்ளிக் காட்டினார். தார் சட்டை கழற்றுவதுபோல் கழன்று வந்தது. "தம்பி, இது நிக்காது. கல்லு இன்னும் காயலை" என்றார். அன்று பிற்பகல் வேலையை நிறுத்தினோம். மீதி ஜல்லியை நெற்களத்தில் பரப்பிக் காயவைத்தோம். நான் மதுரைக்குப் போய், 250 டிகிரி வரை காட்டும், ஓர் அடி நீளத் தண்டு உள்ள டயல் வெப்பமானியை 850 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். இந்த 850 ரூபாயை முதல் நாளே செலவழித்திருந்தால் 30 மீட்டர் தப்பியிருக்கும்.

மூன்றாம் நாள் வேலையை மீண்டும் தொடங்கியபோது வரிசையை ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதி எந்திரத்தில் தொங்கவிட்டேன்: கல், சூடு, பை, தார். கல் உருளையில் சுழன்று, தண்டு வெப்பமானி 165 டிகிரி காட்டும்வரை காத்திருப்போம். பிறகு பர்னரைக் குறைப்போம். சுடர் அருகே இலேசான பிளாஸ்டிக் துண்டுகள் பறந்தால் தீப்பிடிக்கும் என்பது முதல் கலவையிலேயே தெரிந்துவிட்டது. பர்னர் தணிந்ததும் ஒரு பையை மொத்தமாகக் கொட்டாமல், சுழலும் ஜல்லியின்மேல் கைவீச்சாகத் தூவ வேண்டும். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வினாடிக்குள் கற்கள் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கத் தொடங்கும். சாம்பல் நிறக் கல் சற்றுக் கருமை ஏறி, ஈரம் பட்டதுபோல் தெரியும். அந்தப் பளபளப்பு வந்தபிறகுதான் 160 டிகிரியில் காய்ந்த தாரை ஊற்ற வேண்டும். ஐந்தாறு கலவைக்குள் எந்திரக்காரர் வெப்பமானியைப் பார்க்காமலேயே அந்தப் பளபளப்பைப் பிடித்துவிட்டார். ஆயினும் ஒவ்வொரு ஐந்தாவது கலவைக்கும் நான் அளந்தேன். இரண்டு முறை சூடு 180-ஐத் தாண்டி, மூக்கை அரிக்கும் புகை வந்தது. இரண்டு முறையும் கல்லை வெளியே கொட்டி ஆறவிட்டுத் திரும்பப் பயன்படுத்தினோம். எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்திருந்தேன். எந்திரத்தைக் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வைத்து, ஆட்களைப் புகை போகும் பக்கம் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். பாலிஎத்திலீன் இந்தச் சூட்டில் சிதைவதில்லை என்றாலும், தார்ப்புகையே நல்லதில்லை.

தாரைக் கலவைக்கு 6.8 கிலோவாக வைத்தேன். பிளாஸ்டிக் தாரின் ஒரு பகுதிக்கு ஈடாக நிற்கும் என்பதால் சற்றுக் குறைக்கலாம். முந்தைய நாள் 6.5-க்குக் குறைத்தது பேராசை. ஆனால் அந்த 30 மீட்டர் கெட்டதற்குக் குறைந்த தார் காரணமா, ஈரக் கல் காரணமா, வரிசை மாறியது காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டேன். பிறகு அங்கே பெயர்ந்த கற்களை எடுத்துப் பார்த்ததில், படலமே இல்லாத வெறுங்கற்களும், உருகாமல் தனியே கிடந்த பிளாஸ்டிக் கட்டிகளும் இருந்தன. அதனால் சூட்டையும் வரிசையையும்தான் முதலில் குற்றம் சொல்வேன்.

பிளாஸ்டிக் பூசிய கலவை, வழக்கமான கலவையைவிட விரைவாக விறைக்கிறது என்பதைப் பரப்பும்போதுதான் உணர்ந்தோம். எந்திரத்திலிருந்து 145 டிகிரியில் இறங்கும் கலவையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டி, 120 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரேக்கால் பரப்பி, உடனே ரோலரை ஏற்றினால் நன்றாகப் படிகிறது. 90 டிகிரிக்குக் கீழே ரோலர் ஓடினாலும் கற்கள் நகர்ந்து பொருந்துவதில்லை. நான்காம் நாள் மாலை ரோலரின் டீசல் தீர்ந்து, கடைசி மூன்று கலவைகள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் காத்துக் கிடந்தன. அந்த இடம், ஏறத்தாழ நான்கு மீட்டர், இன்றும் சொரசொரப்பாகவே இருக்கிறது. ஆனால் கல் பெயரவில்லை. மறுநாள் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே மாதிரியான சீல் கோட் போட்டு முடித்தோம்.

முதல் மழைக்காலத்தின் முடிவில், 2023 டிசம்பர் நடுவில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழை எங்கள் பக்கம் தூத்துக்குடி அளவுக்கு இல்லையென்றாலும், பாதையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபிறகு முதல் 40 மீட்டரில் ஆறு குழிகள். நடு 30 மீட்டரில் சக்கரத் தடம் முழுவதும் ஜல்லி பெயர்ந்து, வெட்மிக்ஸ் தெரிந்தது. 90 மீட்டரில் குழியில்லை. இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு முதல் பகுதியில் இன்னும் ஒன்பது குழிகள்; நடுப்பகுதியை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, வெட்மிக்ஸ் நிரப்பி மண்சாலையாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 3 மீட்டர் அலுமினிய மட்டப்பட்டையைக் குறுக்கே வைத்துச் சக்கரத் தடத்தின் பள்ளத்தை அளந்தேன்: பிளாஸ்டிக் இல்லாத பகுதியில் அதிகபட்சம் 11 மி.மீ., 90 மீட்டர் பகுதியில் 5 மி.மீ. 20 மி.மீ. தளத்தின் வலிமையால் மட்டும் இந்த வேறுபாடு வந்திருக்காது. மேல்தளம் நீரை உள்ளே விடாததால் அடித்தளம் ஊறவில்லை என்பதே என் கணிப்பு.

90 மீட்டர் பகுதியும் முழுக்கக் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். எடைமேடைக்குத் திரும்பும் வளைவில், ஓர மண் தாழ்ந்துபோன இடத்தில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு விளிம்பு உடைந்திருக்கிறது. தாங்கிப் பிடிக்க ஓரத்தில் கெட்டி மண் இல்லாவிட்டால் எந்தப் பிளாஸ்டிக்கும் விளிம்பைக் காப்பாற்றாது. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: ஒப்பீட்டுக்காக விட்ட முதல் 40 மீட்டர், பிரதான சாலையிலிருந்து லாரிகள் திரும்பி பிரேக் போடும் இடம். அங்கே தளத்துக்கு அடி அதிகம். ஒப்பீட்டுப் பகுதியைப் பாதையின் நடுவில் வைத்திருந்தால், இந்த எண்களை இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

இனி, மாமாவுக்குக் கொடுத்த வாக்கு. பிளாஸ்டிக் வாங்கியது 1,440 ரூபாய், பிரித்துக் கழுவிய கூலி நாளுக்கு 450 வீதம் 1,800 ரூபாய், துண்டாக்கியது 650 ரூபாய். மொத்தம் 3,890 ரூபாய். கைக்கு வந்த 61 கிலோவுக்கு வகுத்தால் கிலோ ஏறக்குறைய 64 ரூபாய். தார் பாரல் விலை அப்போது எனக்குக் கிலோ 58 ரூபாய் விழுந்தது. அதாவது, குப்பையிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் எனக்குத் தாரைவிட விலை கூடுதல். கலவைகளில் தாரைக் குறைத்ததால் மிஞ்சியது 43 கிலோ, ஏறக்குறைய 2,500 ரூபாய். போட்ட நாளின் கணக்கில் பிளாஸ்டிக்கால் எனக்கு 1,400 ரூபாய் கூடுதல் செலவு. மூங்கில் கழிச் சோதனையின் நட்டமும் வெப்பமானியின் விலையும் தனி. தாரை மிச்சப்படுத்தலாம் என்ற நோக்கத்தோடு மட்டும் இந்த முறைக்கு வருபவர்கள், சிறிய அளவில் செய்தால், ஏமாறுவார்கள். ஊராட்சியோ நகராட்சியோ பிரித்துத் துண்டாக்கிய பிளாஸ்டிக்கை மொத்தமாக வாங்கினால் இந்தக் கணக்கு மாறும்.

ஆனால் இரண்டு ஆண்டுகளில் பிளாஸ்டிக் இல்லாத 40 மீட்டரின் குழிகளை அடைக்க 7,400 ரூபாய் செலவாகியிருக்கிறது. 90 மீட்டருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. என் தவறால் கெட்ட 112 சதுர மீட்டரைத் திரும்பப் போட, அன்றைய சதுர மீட்டர் விலையான 320 ரூபாயில் பார்த்தாலே 36,000 ரூபாய் ஆகும். சரியாகச் செய்த பிளாஸ்டிக் சாலை கொடுத்த இலாபம் எல்லாவற்றையும், தவறாகச் செய்த 30 மீட்டர் பலமடங்காக விழுங்கிவிட்டது.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பாதையோர வடிகாலில் வண்டல் அள்ளியபோது, அந்த 30 மீட்டருக்கு நேர்கீழே, உருகாத பிளாஸ்டிக் கட்டிகள் கைநிறையக் கிடைத்தன. வடிகால் போய்ச் சேர்வது எங்கள் ஊர்க் கண்மாய். குப்பையிலிருந்து எடுத்துக் கழுவி, துண்டாக்கி, கண்மாய்க்கே அனுப்பியிருக்கிறேன். 90 மீட்டருக்குக் கீழே அள்ளிய வண்டலை நான் தண்ணீரில் கரைத்து மிதக்கவிட்டுப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் இல்லை. வடிகால் முனையில் கொசுவலை கட்டிய ஒரு தடுப்பை இப்போது வைத்திருக்கிறேன். மழை பெய்த ஒவ்வொரு முறையும் அதை எடுத்துப் பார்க்கிறேன்.

நடு 30 மீட்டரை வரும் பங்குனியில் திரும்பப் போடுகிறோம். இம்முறை ஜல்லியைக் கலப்பதற்கு இரண்டு நாள் முன்பே களத்தில் பரப்பிக் காயவைப்போம்; மழை வந்தால் வேலையைத் தள்ளிப்போடுவோம். தாரைக் குறைக்கப் போவதில்லை, 7.2 கிலோ அப்படியே. ரோலருக்கு ஒரு கேன் டீசல் கையிருப்பில் இருக்கும். ஓரங்களில் இரண்டு அடி அகலத்துக்குக் கிராவல் மண் இட்டு, தளத்தின் மட்டத்துக்கே கெட்டிப்போம். அந்த மேஸ்திரியும் எந்திரக்காரரும் வர ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 575 கிராம் வீதம் 22 பைகள் ஏற்கனவே நிறுத்துக் கட்டி, ஈரம் படாமல், ஆலைக் கிடங்கின் மேல்தட்டில் இருக்கின்றன.